இருபத்து நான்காவது சிவப்புக் கொடி

அக்டோபர் முதல் சனிக்கிழமை, கடைசி அறுவடை நாளன்று, வடகோடித் தீவில் உள்ள ஐலெர்ட்டின் தோட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: மூன்று தலைமுறைக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்ற ஹல்டிஸ் டீச்சர், சொந்தக் கத்தியோடு. மீன் பண்ணையில் வேலை பார்க்கும் ஓட்வார், அவர் மனைவி மில்லி, இரண்டு மகள்கள். படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கும் தாரல்ட். அவர் வேண்டாம் என்று சொல்லியும் வந்த அவருடைய மாமியார். அடுத்த சனிக்கிழமை வர முடியாது என்று சொல்லிவிட்டுப் போக வந்த, தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் ஸீவெர்ட். போலந்துத் தச்சர் வோய்தெக், அவர் மனைவி டனுட்டா. நர்ஸ் யோர்டிஸ். ஆகப் பதினொரு பேர். ஐலெர்ட்டையும் அவர் மனைவி போர்கில்லையும் சேர்த்தால் பதின்மூன்று. டீச்சரின் நாய் தனி.

இத்தனை பேரும் நின்றது தோட்டத்தில். வீட்டுக்குள் வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், மே மாதத்திலிருந்து ஒருவரும் இல்லை.

அந்தக் கதை ஆடுகளிலிருந்து தொடங்குகிறது. போன வருஷம் முழங்கால் மக்கர் செய்ததால் ஐலெர்ட் ஆடுகளை விற்றார். அதே மாதம் போர்கில்லுக்குக் கரையோரக் கப்பலில் சமையல் வேலை கிடைத்தது. இரண்டு வாரம் கப்பல், இரண்டு வாரம் வீடு. ஆடுகள் இருந்தவரை ஐலெர்ட்டுக்குப் பேச்சுத்துணைக்குக் குறைவில்லை. அவை குறுக்கே பேசாது, பழைய கதையை எடுக்காது. இப்போது கப்பல் வாரங்களில் வீட்டில் பேசுவது ரேடியோ மட்டும். அது நாட்டு மக்கள் அனைவரையும் பார்த்துப் பேசியது. அவரைப் பார்த்துப் பேசவில்லை.

குளிர்காலத்தில் சூரியன் ஏழு வாரம் தலைகாட்டாது. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, விளக்கு வெளிச்சத்தில் தெரிந்த தன் முகத்தையே ஜன்னல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார் ஐலெர்ட். அந்த முகம் அலுத்துப் போயிற்று.

"தனியா இருக்க முடியலை" என்று மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் பெயரிலேயே போரை வைத்திருக்கிறவளிடம் எந்தக் கணவன் வலியப் போய்ச் சரணடைவான்? அவர் சுற்றிவளைத்து ஒரு திட்டம் போட்டார். மே மாதம் ஒருநாள் சாப்பாட்டு மேஜையைத் தட்டி அறிவித்தார்.

"போர்கில், நான் பங்குத் தோட்டம் போடப்போறேன்."

"பங்குன்னா? நஷ்டம் வருமே, அதுவா?"

"காய்கறிப் பங்குடி. ஊர்க்காரங்க வசந்தத்துலயே பணம் கட்டிடுவாங்க. நான் பயிர் வைப்பேன். விளையறதை அவங்களே வந்து பறிச்சுக்கணும்."

"எது விளைஞ்சிருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு வரிசையிலயும் கொடி நடுவேன். பச்சைன்னா விளைஞ்சிருக்கு, வேணுங்கிறதை எடுத்துக்கலாம். சிவப்புன்னா தொடக்கூடாது."

போர்கில் உருளைக்கிழங்குத் தோலை உரித்தபடி அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். "ஆளுங்க வரப்போக இருந்தா உங்களுக்கும் பொழுது போகும்."

இங்கேதான் ஐலெர்ட் 'ஆமாம்' என்று சொல்லியிருக்க வேண்டும். அவருக்கோ காது சிவந்தது.

"எனக்கு எதுக்குப் பொழுது போகணும்? வந்தோமா, பறிச்சோமா, போனோமான்னு இருக்கணும். வீட்டுப் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கக்கூடாது."

"ஒருத்தருமா?"

"ஒருத்தரும்."

"அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"மாறினா கேளு!"

"கேப்பேன்" என்றாள் போர்கில்.

ஐலெர்ட் எதையும் எண்ணி வைக்கிறவர். பச்சைக் கொடி முப்பத்தாறு, சிவப்புக் கொடி இருபத்து நான்கு செய்தார். மூங்கில் குச்சியில் துணி கட்டி, துணிக்குக் கெட்டிப் பெயின்ட் அடித்து, ஒவ்வொன்றிலும் எண் எழுதினார். மறுவாரம் எண்ணினால் சிவப்பில் ஒன்று குறைந்தது. இருபத்து நான்காம் எண். காற்று கொண்டுபோயிருக்கும் என்று விட்டுவிட்டார். விட்டார் என்று பெயர். அந்தக் கோடை முழுக்க அது அவர் பல்லிடுக்கில் சிக்கிய நார்போல உறுத்திக்கொண்டே இருந்தது.

ஜூனில் ஆட்கள் வந்தார்கள். ராத்திரியிலும் வெயில் அடிக்கும் ஊர். ஓட்வார் வேலை முடிந்து பதினொரு மணிக்கு வருவார். டீச்சர் காலை ஐந்துக்கே வந்துவிடுவார். ஐலெர்ட் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தார். தெரிந்ததெல்லாம் குனிந்த முதுகுகள். முதுகைப் பார்த்து ஆள் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். முகம் ஒன்றும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. காபியை இரண்டு பேருக்குப் போட்டு வைத்தார். இரண்டையும் அவரே குடித்தார். தூக்கம் போனதுதான் மிச்சம்.

தானாகப் போய்ப் பேசலாமே என்றால், கூச்சம். பேச என்ன இருக்கிறது? நல்ல மழை என்று சொல்லலாம். மழை நின்றபிறகு?

யோசித்து யோசித்து ஒரு சூழ்ச்சி செய்தார். நன்றாக விளைந்த கேரட் வரிசைகளில் பச்சையைப் பிடுங்கிவிட்டுச் சிவப்பை நட்டார். 'கேரட் எப்போது கிடைக்கும்?' என்று கேட்க ஒருவராவது கதவைத் தட்டித்தானே ஆக வேண்டும்?

ஒருவரும் தட்டவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்குச் சட்டம் என்றால் சட்டம். சிவப்பு என்றால் சிவப்பு. மில்லியின் சின்ன மகள் கேரட் இலையை ஆசையாகத் தொட்டபோது, "கொடி என்ன நிறம்?" என்று டீச்சர் போட்ட அதட்டல் மூடிய ஜன்னல் வழியாகவும் கேட்டது. எழுபது வயதை நெருங்கும் ஐலெர்ட்டே ஒரு கணம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவரும் டீச்சரிடம் படித்தவர்தான்.

ஐலெர்ட் விடவில்லை. முட்டைக்கோசுக்கும் சிவப்பு வைத்தார். வெங்காயத்துக்கும் வைத்தார். ஆகஸ்ட் முடிவில் பச்சைக் கொடி பறந்தது டர்னிப் கிழங்குக்கு மட்டும். ஊரே வாயைத் திறக்காமல் டர்னிப் தின்றது.

கப்பலிலிருந்து போர்கில் போன் செய்வாள்.

"யாராவது வந்தாங்களா?"

"தோட்டத்துக்கு வந்தாங்க."

"வீட்டுக்கு?"

"வந்தா நான் விட்டுடுவேனா?"

"சாப்பிட்டீங்களா?"

"டர்னிப்."

"ஏங்க, உங்களுக்கு என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லையே."

"சரி. நான் காத்திருக்கேன்" என்று வைத்துவிடுவாள். கப்பல் இரைச்சல் நின்றதும் வீடு முன்னைவிடப் பெரிதாகிவிடும்.

செப்டம்பர் கடைசியில் முதல் உறைபனி விழுந்தது. மண் இறுகினால் கேரட் முழுக்க உள்ளேயே போய்விடும். டர்னிப்பை மட்டும் தின்றவர்கள் அடுத்த வருஷம் பங்கு வாங்கவும் மாட்டார்கள். அப்புறம் அந்த முதுகுகளும் இல்லை. ஏழு வார இருட்டும், கண்ணாடியில் அந்த முகமும்தான். ஆனாலும் கொடியை மாற்றவில்லை. கடைசி நாளிலாவது ஒருவர் கேட்காமலா போய்விடுவார்?

கேட்டார்கள். அந்தச் சனிக்கிழமை போர்கில் வெட்டவெளியில் நெருப்பு மூட்டிக் காபிக் கெட்டிலை வைத்திருந்தாள். டீச்சரின் நாய்க்கு எழுத்தும் தெரியாது, நிறமும் தெரியாது. அது சிவப்புக் கொடிக்கு அடியில் தோண்டி, முழங்கை நீளக் கேரட் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து டீச்சர் காலடியில் போட்டது.

பதினொரு பேரும் கேரட்டைப் பார்த்தார்கள். பிறகு ஐலெர்ட்டைப் பார்த்தார்கள். கோடை முழுக்க அவர் ஏங்கிய முகங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் வந்ததால் அவருக்கு மூச்சு முட்டியது.

"என்னடா இது, ஐலெர்ட்?" என்றார் டீச்சர்.

"கேரட், டீச்சர்."

"அது தெரியுது. இது விளைஞ்சு ரெண்டு மாசம் இருக்குமே. ஏன் சிவப்பு?"

"நோய்..."

"என்ன நோய்?" என்றாள் நெருப்பருகே இருந்து போர்கில். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டிருக்கலாம். அவள் அப்படிக் கேட்கவில்லை.

ஐலெர்ட் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஏன் சிவப்புன்னு யாராவது வந்து கதவைத் தட்டிக் கேப்பீங்கன்னு பார்த்தேன். காபி போட்டு வச்சிருந்தேன். தினமும்."

ஸீவெர்ட் தொப்பியைக் கழற்றினார், தேவாலயத்தில் செய்வதுபோல.

"மடையா" என்றார் டீச்சர் மெதுவாக. "எப்படிடா தட்டறது? உன் வாசல்லயே சிவப்புக் கொடி நிக்குதே!"

"என் வாசல்லயா?"

"மே மாசத்துலேர்ந்து. உனக்கு ஆளுங்களே பிடிக்காதுன்னு ஊரே சத்தம் போடாம வந்துட்டுப் போகுது. நான் இருமல் வந்தாகூட ரோட்டுக்குப் போய் இருமினேன்."

அந்த வீட்டின் முன்கதவு கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான் திறக்கும். ஐலெர்ட் எப்போதும் சமையலறைக் கதவு வழியாகப் பின்பக்கம் இறங்கித் தோட்டத்துக்கும், பின்பாதையில் கடைக்கும் போகிறவர். அந்த வருஷத்தில் முதல் தடவையாக வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனார். எல்லாரும் பின்னால் போனார்கள். படிக்கட்டின் ஓரம், பழப்புதரை ஒட்டி, ரோட்டைப் பார்த்தபடி நின்றது. சிவப்பு. இருபத்து நான்காம் எண். அந்த வருஷம் குறையில்லாமல் வேலை செய்த ஒரே கொடி அதுதான்.

"போர்கில்!"

"நீங்கதானே சொன்னீங்க, ஒருத்தரும் எட்டிப் பார்க்கக்கூடாதுன்னு."

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது!"

"பேச்சு மாறினா கேளுன்னும் சொன்னீங்க. நான் கேட்டேனே. கப்பல்லேர்ந்து ஒவ்வொரு தடவையும் போன் போட்டுக் கேட்டேன்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "நடுக்கடல்ல சூப் கிண்டிக்கிட்டு, நீங்க ஒரு தடவை 'ஆமா, ஆள் வேணும்'னு சொல்ல மாட்டீங்களான்னு அஞ்சு மாசம் இருந்தேன். இப்பவாவது சொல்லுங்க. வேணுமா, வேண்டாமா?"

"வேணும்" என்றார் ஐலெர்ட், காலணியிடம்.

போர்கில் சிவப்பைப் பிடுங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கையோடு கொண்டுவந்திருந்த பச்சையை நட்டாள்.

பச்சை என்றால் என்ன என்று அந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"செவ்வாய்க்கிழமை நான் எடுத்துக்கறேன்" என்றார் டீச்சர். "கண்ணு சரியாத் தெரியலை. வந்து உக்காருவேன், பேப்பர் படிச்சுக் காட்டு. உச்சரிப்பைத் திருத்துவேன்."

"வெள்ளிக்கிழமை சீட்டாட நான் வரேன்" என்றார் தாரல்ட்டின் மாமியார். தாரல்ட்டின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை ஊர் பார்த்து வருஷமாயிற்று.

"முழங்காலைப் புதன்கிழமை பார்க்கறேன்" என்றார் யோர்டிஸ்.

"எனக்குப் பலகை பிடிக்க ஆள் வேணும். திங்கள் வரேன்" என்றார் வோய்தெக்.

ஸீவெர்ட் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். எந்த ஞாயிறு என்று யாரும் கேட்கவில்லை, அவருக்கும் தெரியாது.

அதற்குள் ஓட்வாரின் மகள்கள் இருவரும் தோட்டத்துக் கொடிகளையெல்லாம் பிடுங்கிக் கட்டிவிட்டார்கள். பச்சைக் கட்டு கொட்டகைக்குப் போனது. கேரட் அத்தனையும் இருட்டுவதற்குள் மண்ணைவிட்டு வந்தது. இரண்டாவது கெட்டில் காபி என்றுமில்லாத வேகத்தில் கொதித்தது. மரமே இல்லாத தீவில் இவளுக்கு இவ்வளவு சுள்ளி எங்கே கிடைத்தது என்று ஐலெர்ட் நினைத்தார். கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவருக்குப் பழக்கம்.

மாலைப் படகில் போர்கில் கப்பலுக்குக் கிளம்பினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "திங்கக்கிழமைக்கு வாஃபிள் சுட மாவு கரைச்சு வச்சிருக்கேன். கூச்சப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினாள். படகின் விளக்கு கரை முனையைத் தாண்டி மறையும்வரை ஐலெர்ட் கரையில் நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்தது. திங்கள் ஒருவர். செவ்வாய் டீச்சர். புதன் முழங்கால். மழையைப் பற்றிப் பேசலாம். மழை நின்றபிறகு? செவ்வாய்க்கிழமைக்கு மட்டும், ஒரே ஒரு நாளைக்கு மட்டும், வாசலில் ஒரு சிவப்பு வைத்தால் என்ன?

டார்ச்சை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். எண்ணினார். பச்சை முப்பத்தைந்து. வாசலில் ஒன்று. கணக்குச் சரி. சிவப்பு ஒன்றுகூட இல்லை. தன் சட்டையை முகர்ந்து பார்த்தார். காபி வாசனையோடு கருகின பெயின்ட் வாசனை.

தோற்றுப்போய் உள்ளே வந்தார். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் தன் முகத்திடமாவது இதைச் சொல்லலாம் என்று போனார். நாற்காலியின் மெத்தை இடுக்கில் நட்டுக்குத்தலாக நின்றது இருபத்து நான்காம் எண்.

ஐலெர்ட்டும் அந்த ஊர்க்காரர்தான். சிவப்பு என்றால் தொடக்கூடாது. முன்கதவருகே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

சிவப்புக் கொடியில் மிச்சம், ஒன்று.