சாவி மகானும் சட்டைப் பொத்தானும்

தொடர்ந்து நாலாவது ஞாயிற்றுக்கிழமையாகக் காலை ஆறு மணிக்கே மைதானத்தில் நிற்க இடமில்லை. வலிப்பு நோயை ஒரே ஓர் இரும்புச் சாவியால் பூட்டிவிடுகிற மகான் வருகிறார் என்றால் சும்மாவா? மேடையில் வந்து உட்கார்ந்ததும் மகான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பார்வைக் கோளாறுக்கு மட்டும் அவரிடம் சாவி இல்லை போலிருக்கிறது.

வைத்தியம் எளிதுதான். மந்திரித்த சாவியைச் சிவப்புத் துணிப் பையில் வைத்துத் தைத்து, மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். ஆள் விழுந்து துடித்தால் அதை உள்ளங்கையில் அழுத்த வேண்டும். மகான் மந்திரம் சொல்வார், துடிப்பு நிற்கும். ஒரே நிபந்தனை, மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். இரும்புக்கும் மாத்திரைக்கும் ஆகாதாம். மாத்திரையை நிறுத்தியவர்கள் வெயிலில் ஒவ்வொருவராக விழுந்தார்கள். விழ விழ மகானுக்குப் புகழ்!

கூட்டத்தில் சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அவளை இழுத்து வந்தவள் அவளுடைய அக்கா. அக்கா கெட்டவள் அல்ல. தங்கச்சி துடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவள். முதல் ஞாயிறே சாவி வாங்கிவந்து தங்கச்சி கையில் கட்டச் சொல்லிவிட்டு, மாத்திரை டப்பாவைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டி மூன்று வாரம் ஆகிறது. அதற்குள் தங்கச்சி நாலு தடவை விழுந்துவிட்டாள். ஒரு தடவை மெஷின் ஓடும்போதே. விரல் தப்பியது. வேலை போய்விடுமே என்று பயந்து, தலைசுற்றல் என்று சொல்லிச் சமாளித்தாள்.

அக்காவுக்குத் தெரியாமல் புதன்கிழமை சாயங்காலங்களில் அவள் பள்ளிக்கூடத்து விளையாட்டு அறைக்குப் போய்வந்தாள். அங்கே வலிப்பு உள்ள ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். கூட்டியவர் விளையாட்டு டீச்சர். அவருக்கும் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மாத்திரையை விழுங்கிவிட்டு விசில் ஊதிப் பிள்ளைகளை ஓடவிடுகிறவர். "நான் விழுந்தா நீங்க பாத்துக்கங்க, நீங்க விழுந்தா நான். இதுல என்ன வெக்கம்?" என்பார். தன் நோயின் பெயரை அவள் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னது அந்த அறையில்தான்.

மகான் கண்ணை மூடினார். அவள் சரிந்தாள்.

"ஐயோ, பை!" அக்கா அலறியபடி சிவப்புப் பையை அவள் கையில் திணித்தாள். பக்கத்திலேயே புதன்கிழமை ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள். தபால்காரர் துண்டை மடித்துத் தலைக்கு வைத்தார். பேக்கரிக்காரர் ஒருக்களித்துப் படுக்கவைத்தார். டீச்சர் கழுத்தில் தொங்கிய ஸ்டாப் வாட்சை அமுக்கினார்.

ஒன்றே முக்கால் நிமிடத்தில் துடிப்பு அடங்கியது.

"பாத்தீங்களா இரும்போட மகிமையை!" மைக் முழங்கியது. கைதட்டல்.

டீச்சர் பையைத் தூக்கிக் காட்டினார். "ஐயா, இதுல இருக்கறது உங்க சாவிதானே?"

"என்ன சந்தேகம்? என் கையால மந்திரிச்சது!"

டீச்சர் தையலைப் பிரித்தார். வெள்ளைப் பிளாஸ்டிக் பொத்தான் ஒன்று விழுந்தது.

மகான் தொழில் தெரிந்தவர், அசரவில்லை. "என் அருள் பொத்தான்லயும் இறங்கும்!"

"என் சட்டையில ஏழு இருக்குங்க. போன வாரம்தான் விழுந்தேன்!" என்றார் பேக்கரிக்காரர். பின்வரிசையில் கிளம்பிய சிரிப்பு மேடைவரை போயிற்று.

"மூணு ஞாயிறா வாட்ச் வச்சுப் பாத்துட்டேன். சாவி வச்சாலும் ரெண்டு நிமிஷத்துல நிக்குது, வைக்காட்டியும் நிக்குது. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். இவர்கிட்ட இல்ல," என்றார் டீச்சர்.

தங்கச்சி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"யாருடி பொத்தானை வச்சது?"

"நான்தான்க்கா. முதல் நாளே மாத்தித் தச்சுட்டேன். வீட்டுல விழுந்தப்பல்லாம் சாவி காப்பாத்திடுச்சுன்னு அழுதியே, எல்லாமே பொத்தான்தான். என் மாத்திரையைக் குடுத்துடுக்கா."

அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மேடையைப் பார்த்தால் மகானைக் காணோம். மூக்குக் கண்ணாடி மட்டும் கிடந்தது.

அன்றே பீரோ திறந்தது. டாக்டரிடமும் போனார்கள். இப்போது அவள் மெஷினில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது: 'எனக்கு வலிப்பு உண்டு. விழுந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மணி பாருங்கள். கையில் எதையும் திணிக்காதீர்கள்.' மேற்பார்வையாளர் அதை இரண்டு தடவை படித்தார். அவளை வேலையை விட்டுத் தூக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அவளுக்கு எதிரே மாட்டிவிட்டுப் போனார்.

மகான் வேறொரு ஊரில் ஆஸ்துமாவுக்குப் பூட்டுக் கொடுக்கிறாராம். அங்கேயும் கூட்டம் அலைமோதுகிறதாம். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். இத்தனை கூத்திலும் உருப்படியாக வேலை செய்த ஒரே சாவி அந்த அக்காவின் பீரோச் சாவிதான். உங்கள் வீட்டில் யாருடைய மாத்திரை பூட்டிக் கிடக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.