கலியாண வீட்டுக்கு வந்த பெட்டி

யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வராமல் தடுத்தவர்கள் எங்கள் மிச்சம் அண்ணையைக் கணக்கில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அந்த யோசனையையே கைவிட்டிருப்பார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் கோயில் தீர்த்தம் மாதிரித்தான் கிடைத்தது. ஊரே தலையில் கை வைத்திருந்தபோது, அரியாலையில் எங்கள் குறுகிய ஒழுங்கையில் இவர் ஒருவர்தான் உற்சாகமாக இருந்தார். எதிலும் மிச்சம் பிடிக்கிறவர் என்பதால் ஊர் வைத்த பெயர்தான் மிச்சம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்பார். கொதிக்கும் கஞ்சியைச் செம்பில் ஊற்றிச் சட்டையை அயன் பண்ணுவார். பிறகு அதே கஞ்சியை உப்புப் போட்டுக் குடிப்பார். யார் வீட்டுக்குப் போனாலும் கேட்காமலே விளக்குத் திரியை இறக்கிவிடுவார். "முகம் தெரியாட்டில் என்ன, குரல் கேக்குதுதானே?"

எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய வைக்கோல் பெட்டி. இளவயதில் கப்பலின் குளிர் அறையில் வேலை பார்த்தவர். குளிரை அடைத்து வைக்கலாம் என்றால் சூட்டை ஏன் முடியாது என்று கேட்பார். அரிசி ஒரு கொதி கொதித்ததும் பானையை இறக்கி, வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் மூடிவிட்டால் மிச்சத்தை அந்தச் சூடே அவித்துவிடுமாம். ஒழுங்கைப் பெண்கள் நம்பவில்லை. அடுப்பில்லாமல் சோறு அவிக்கிறவருக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று சிரித்தார்கள். மனிதர் கட்டைப் பிரமச்சாரி.

அந்த நேரத்தில்தான் என் அக்காவின் கலியாணம் வந்தது. சொல்லிவைத்த விறகு வண்டில் வரவில்லை. அம்மா மிச்சம் அண்ணையிடம் அழாத குறை.

"தம்பி, மாப்பிள்ளை வீட்டார் உடுப்பிட்டியிலை இருந்து சைக்கிள் மிதிச்சு வருகினம். சோறு போடாமல் வெறும் பிளேன்ரீயோடை அனுப்பினால் என்ரை பிள்ளை காலம் முழுக்கப் பேச்சு வாங்கும்."

"யோசியாதேங்கோ, ஒரு கொதிக்குக் கிடக்கிற விறகே காணும்," என்றார் மிச்சம் அண்ணை. "பெரிய பெட்டி ஒண்டுதான் வேணும். நான் கொண்டுவாறன்."

கலியாணத்தன்று காலையில் கொண்டு வந்தார். கைவண்டிலில், பளபளவென்று, ஒரு சவப்பெட்டி.

கொழும்புத்துறையில் பெட்டி செய்யும் சினேகிதரிடம் இரவல் வாங்கியதாம். "புதுசு. இன்னும் ஒருத்தரும் படுக்கேல்லை. பானையெல்லாம் வரிசையா நிக்கும், பாருங்கோ!"

வேறு வழியில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். கொல்லையில் பானைகள் ஒரு கொதியோடு இறங்கி, வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் போயின. மூடியின் மேல் மிச்சம் அண்ணை ஏறி உட்கார்ந்தார்.

ஆனால் அந்தப் பெட்டி ஊர் பார்க்கத்தானே வந்தது? எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் பெட்டி போனால் யாரும் விசாரிப்பதில்லை, உடனே போய்விடுவார்கள். தட்டுப்பாடு வந்த பிறகு, தகனத்துக்கென்று ஒவ்வொரு வீட்டாரும் ஒரு கட்டு விறகும் கொண்டு போவார்கள். கொஞ்ச நேரத்தில் வாசல் முழுக்க வெள்ளைச் சேலையும் விறகுக் கட்டும். இரண்டு பேர் எங்கள் மாமரத்தைத் தறிக்கவே தொடங்கிவிட்டார்கள். அடுத்த வீட்டு மாமி அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார்.

"கலியாணத்தண்டு இப்பிடி வந்திட்டுதே! ஆரடி போனது?"

"ஒருத்தரும் போகேல்லை. என்ரை மானம்தான் போகப் போகுது!"

அப்படிச் சொன்ன அம்மாவின் கண் விறகுக் குவியலில் விழுந்தது. கொல்லைக்கு ஓடினார். "தம்பி, விறகு வந்திட்டுது. எழும்பு, பானையை அடுப்பிலை ஏத்துவம்."

"திறந்தால் சூடு போயிடும். நான் எழும்ப மாட்டன்."

"அவியாட்டில்?"

"அவியும்."

வாசலில் சைக்கிள் மணிகள் கேட்டன. கால் கழுவக் கொல்லைப் பக்கம் வந்த மாப்பிள்ளையின் மாமா, சவப்பெட்டி மேல் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தவரைக் கண்டு அப்படியே நின்றார்.

"உதுக்குள்ளை என்ன?"

"சோறு."

மாமா காலைக் கழுவாமலே திரும்பிப் போனார்.

தாலி கட்டி முடிந்து பந்தி போட்டபோதுதான் அண்ணை எழும்பினார். மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. சோறு பூவாக அவிந்திருந்தது. அம்மா ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டு அழுதே விட்டார். மாமா முதலில் பயந்து பயந்து கிள்ளினார். பிறகு சோறு பரிமாறியவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். செத்தவீட்டுக்கு வந்தவர்களும் சாப்பிட்டுவிட்டு, அவரவர் விறகுக் கட்டை மறக்காமல் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் வைக்கோல் பெட்டியில் சோறு அவிக்காத குசினியே இல்லை.

இரண்டொரு வருடத்தில் மிச்சம் அண்ணை காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லாத மனிதர். அன்றைக்கு வீட்டுக்கு ஒரு கட்டு என்ற வழக்கத்தோடு யாரும் நிற்கவில்லை. வண்டில் கொள்ளாமல் விறகு வந்தது. இத்தனையும் வீண் என்று எழும்பித் திட்டப்போகிறாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

அம்மா தன் கட்டையும் மேலே வைத்துவிட்டு மெல்லச் சொன்னார்: "கோவிக்காதை தம்பி. உனக்கு மட்டும் மிச்சம் பிடிக்க எங்களாலை ஏலாது."