மந்திரி உட்கார்ந்துவிட்டது

மந்திரி மறுபடியும் உட்கார்ந்துவிட்டது.

பந்து அதன் தலைக்கு மேலே பறந்துபோய்ப் புல்லில் விழுந்து, இரண்டு குதி குதித்து ஓய்ந்தது. மந்திரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து, முதுகை நிமிர்த்தி, தாடையைச் சற்றே உயர்த்தி, இரண்டு காதும் தெரியும்படி கேமராவை நேராகப் பார்த்தது. பாஸ்போர்ட் ஆபீசில் எப்பேர்ப்பட்ட அதிகாரியும் குறை சொல்ல முடியாத படம். நாய்க்குப் பாஸ்போர்ட் தருவதில்லை என்பது ஒன்றுதான் குறை.

"இன்னொரு தரம் போடவா?" என்று மைதானத்தின் மறுகோடியிலிருந்து போட்டோக்காரரின் மனைவி கத்தினாள்.

"போட்டு என்ன பண்ண? இது அசையாது!" என்று போட்டோக்காரர் பதிலுக்குக் கத்தினார்.

அவருக்கு இருபத்தெட்டு வருடமாக ஒரே தொழில். கடைக்குள் ஒரு ஸ்டூல். அதற்கு எதிரே, தரையோடு திருகி வைத்த ஸ்டாண்டில் ஒரு பெரிய கேமரா. வருபவரை ஸ்டூலில் உட்கார வைத்து, "ஆடாதீங்க. தாடையைத் தூக்குங்க. காது தெரியணும்" என்பார். அமுக்குவார். முடிந்தது வேலை. தூக்கத்திலும் இதையேதான் சொல்கிறார் என்று மனைவி சொல்வாள். அவர் நம்புவதில்லை. ஆள் வராத நேரங்களில் வெளிச்சம் சரிபார்ப்பதற்கு நாயை ஸ்டூலில் ஏற்றிவிடுவார். முடிந்ததும் அதற்கு ஒரு பிஸ்கட். குட்டியாக இருந்தபோதே அப்படிக் கம்பீரமாக உட்கார்ந்ததால்தான் அதற்கு மந்திரி என்று பெயர் வந்தது.

வம்பு திங்கட்கிழமை போனில் வந்தது. மந்திரி உண்மையில் மகளுடைய நாய். கல்யாணமாகி வெளியூர் போனபோது, மாடி வீட்டில் நாய் வளர்க்க விடமாட்டார்கள் என்று விட்டுவிட்டுப் போயிருந்தாள். இப்போது தோட்டத்தோடு ஒரு வீடு கிடைத்திருந்தது.

"அப்பா, நீங்க அனுப்புற படத்துல எல்லாம் மந்திரி பொம்மை மாதிரியே உட்கார்ந்திருக்கே. அது ஓடுதா, விளையாடுதா?"

"ரெண்டு வேளையும் ஓடுதும்மா. என்னைக் கீழ தள்ளிட்டு ஓடுது."

"அப்ப ஓடுற படம் ஒண்ணு அனுப்புங்க. தெளிவா இருக்கணும். இல்லன்னா ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிடுறேன். உங்ககிட்ட அதுக்குச் சந்தோஷமே இல்லபோல."

பின்னாலிருந்து மருமகன் குரல் கேட்டது. "மாமா, சிரமப்படாதீங்க. அத்தை போன்ல ஒரு வீடியோ எடுத்து அனுப்பினாப் போதும்."

"போட்டோக்காரன் வீட்டு நாய்க்கு வீடியோவா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

வீறாப்பாக வைத்தாரே தவிர, மனசு கலங்கிப்போயிற்று. நாய் போய்விடுமே என்பது ஒரு பக்கம். 'சந்தோஷமே இல்லபோல' என்றாளே, அது இன்னொரு பக்கம். அதுதான் அதிகம் வலித்தது.

பெரிய கேமராவைத் தரையிலிருந்து பெயர்க்க முடியாது. மகள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த கையடக்கக் கேமரா ஒன்று அலமாரியில் கிடந்தது. அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் இறங்கினார். வெயில் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்து, பக்கத்துக் கடை தையல்காரம்மாவின் பின் ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டார். மனைவி மறுகோடியிலிருந்து பந்தை வீச, மந்திரி அதைத் துரத்திக்கொண்டு அவர் பக்கம் பாய்ந்து வரும். கிட்டே வந்ததும், அவர் பட்டனை அமுக்கப் போகும் நேரம் பார்த்து, உட்கார்ந்துவிடும். முதல் நாள் பதினான்கு படம். பதினான்கிலும் இரண்டு காதும் தெரிந்தன.

"கேமராவைப் பார்த்துடுது. அதான்" என்று முடிவு கட்டினார்.

மறுநாள் கேமராவைத் துணிப்பைக்குள் வைத்து, பையில் ஓட்டை போட்டு, காய்கறி வாங்கப் போகிறவர்போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். மந்திரி பாய்ந்து வந்தது. பைக்கு முன்னால் உட்கார்ந்தது.

தையல் மெஷின் சத்தம் நின்றது. தையல்காரம்மா தலையை வெளியே நீட்டினாள். "உங்க நாய் நல்லா சொன்ன பேச்சு கேக்குது அண்ணே."

கிண்டல் செய்கிறாள் என்று போட்டோக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த வாரம் முழுக்க அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை ஆளை மாற்றிப் பார்த்தார்கள். கேமரா மனைவி கையில். பந்து அவர் கையில். மந்திரி பறந்தது. பந்தை அந்தரத்தில் கவ்வியது. குட்டிக்கரணம் ஒன்றுதான் பாக்கி.

"பாத்தீங்களா! என்னைப் பாத்தா ஓடுது" என்றாள் மனைவி, கொஞ்சம் பெருமையாகவே.

முப்பத்திரண்டு படம் எடுத்திருந்தாள். இருபது புல்லின் படம். ஏழில் ஒரு பழுப்புக் கோடு. நான்கில் வால் நுனி. மீதி ஒன்று அவளுடைய கட்டைவிரல், அது மட்டும் தெளிவாக இருந்தது.

"இதுல நாய் எங்கடி?"

"நான் அமுக்கறப்ப இருந்துச்சுங்க. இந்தக் கேமராதான் யோசிச்சு யோசிச்சு எடுக்குது."

அதில் விஷயம் இருந்தது. சின்னக் கேமரா, அமுக்கிய பிறகு கொஞ்சம் நிதானித்துத்தான் படம் பிடிக்கும். ஆடாத ஆட்களையே எடுத்துப் பழகியவருக்கு அது தெரியாமலே இருந்துவிட்டது. கூட வந்த குறிப்புப் புத்தகத்தைத் தேடினார். அது ஐந்து வருடமாகக் கடை அலமாரியின் ஆடும் காலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. உருவி எடுத்துப் படித்தார். 'பட்டனைப் பாதி அமுக்கி வைத்துக் காத்திருங்கள். பிராணி வரப்போகும் இடத்தை முன்பே குறிபாருங்கள். அதன் உயரத்துக்குக் கீழே இறங்குங்கள். தொடர்ச்சியாகப் பல படம் எடுங்கள்.'

வியாழக்கிழமை பாதி அமுக்குவதைப் பழகலாம் என்று, பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒரு வங்கி அதிகாரியை ஸ்டூலில் உட்கார வைத்துச் சின்னக் கேமராவைத் தூக்கினார். முட்டு போன அலமாரி அந்த நேரம் பார்த்துச் சாய்ந்தது. கண்ணாடிச் சட்டங்கள் வரிசையாகச் சரிந்தன. அதிகாரி ஸ்டூலிலிருந்து எம்பிக் குதித்தார்.

இரண்டு காலும் அந்தரத்தில், கழுத்துப்பட்டை காற்றில், மீசையின் ஒவ்வொரு மயிரும் எண்ணிவிடலாம்போல அப்படி ஒரு படம். வாரம் முழுக்க அவர் ஏங்கிய படம்தான். ஆள்தான் தப்பு.

"இதை எந்த ஆபீஸ்ல சார் ஏத்துக்குவாங்க?" என்று அதிகாரி கத்திவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, ஈரப் புல்லில் குப்புறப் படுத்து, பட்டனைப் பாதி அமுக்கிக்கொண்டு காத்திருந்தார். மந்திரி வந்தது. அவர் மூக்குக்கு நேரே உட்கார்ந்தது. கேமரா தொடர்ச்சியாக இருபது படம் எடுத்தது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

எழுந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. ராத்திரிக்குள் ஜலதோஷம் பிடித்து, சனிக்கிழமை காலையில் தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

"இந்த நிலைமையில போகணுமா?" என்றாள் மனைவி. நாளை ஞாயிறு என்று அவர் விரலால் நாள்காட்டியைத் தட்டிக் காட்டினார். அவள் தன்னுடைய பச்சை மப்ளரை அவர் கழுத்தில் சுற்றி, காதையும் மூடி, முகத்தில் பாதியையும் மூடிக் கூட்டிப்போனாள்.

பந்து பறந்தது. மந்திரி வந்தது. வந்துகொண்டே இருந்தது. உட்காரவே இல்லை. அவர் கண்ணுக்கு முன்னால் நான்கு காலும் தரையை விட்டு எழும்பி, காதுகள் பின்னால் பறக்க, பந்துக்காக வாயைத் திறந்தது. அமுக்கினார்.

படத்தைப் பார்த்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. மீசை ரோமம் வரை தெளிவு. நாய் சிரிப்பதுபோலவே இருந்தது.

எப்படி நடந்தது என்பதற்கும் காரணம் கண்டுபிடித்துவிட்டார். "மப்ளர்" என்று காகிதத்தில் எழுதி மனைவியிடம் நீட்டினார். முகத்தை மூடியதால் நாய்க்கு அடையாளம் தெரியவில்லை. படத்தை மகளுக்கு அனுப்பிவிட்டு அன்று மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினார்.

படம் பிடித்துப்போனதாலோ, சந்தேகம் தீராததாலோ, மகள் ஞாயிற்றுக்கிழமை வந்தே விட்டாள். மருமகன் காரை நிறுத்துவதற்குள் மந்திரி அவள் மேல் இரண்டு காலையும் வைத்து ஏறி, சுற்றிச் சுற்றி வந்து துள்ளியது.

"பாருங்க, எப்படித் துள்ளுது! உங்களைப் பார்த்தா மட்டும் ஏன்பா உட்காருது?"

"யாரு சொன்னா? நேத்துப் படம் பார்க்கலையா?" தொண்டை திறந்திருந்தது. குரல் கொஞ்சம் கரகரத்தாலும் தெம்பாக வந்தது. "வா, நேர்லயே எடுத்துக் காட்டுறேன்."

உச்சி வெயில் நெருங்கும் நேரத்தில் பச்சை மப்ளரைச் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே நின்றார். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மகளும் மனைவியும் மறுகோடியில் நிற்க, மருமகன் பந்தை வீசினார். மந்திரி பாய்ந்து வந்தது. போட்டோக்காரர் பட்டனைப் பாதி அமுக்கினார்.

மந்திரி உட்கார்ந்தது. முதுகு நேராக, தாடை உயர்ந்து, இரண்டு காதும் தெரிந்தன.

இன்னொரு முறை வீசினார்கள். இன்னொரு முறை உட்கார்ந்தது. மூன்றாம் முறை மருமகன் வீசவில்லை. மூவரும் மெதுவாக நடந்து வந்தார்கள்.

"அப்பா, உண்மையைச் சொல்லுங்க. அந்தப் படத்தை யார் எடுத்தது?" மகள் கோபப்படவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"நான்தாம்மா. சத்தியமா நான்தான்." மப்ளரை அவிழ்த்துக் கையில் சுருட்டினார். "எனக்கும் புரியல. என்கிட்ட அதுக்கு ஏதோ பயம் இருக்குபோல. என்னைப் பார்த்து அது சிரிச்சது அந்த ஒரு நாள்தான். தோட்டம் இருக்குன்னு சொல்றே. கூட்டிட்டுப் போ."

மந்திரி எழுந்து வந்து அவர் காலில் சாய்ந்துகொண்டது. மகள் அப்பாவையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தையல் மெஷின் நின்றது. ஜன்னலில் தையல்காரம்மாவின் தலை தெரிந்தது.

"நானும் வாரம் பூரா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணே. பட்டனை அமுக்கறப்ப எல்லாம் 'ஆடாதீங்க, தாடையைத் தூக்குங்க, காது தெரியணும்'னு நீங்க சொல்றீங்க, அதுவும் உட்காருது. தொண்டை கட்டியிருந்த நேத்து ஒரு நாள்தான், பாவம், அதை ஓட விட்டீங்க!"