கசியாத அடைப்பு

இரண்டு போத்தல்களில் எது எது என்று வஜ்திக்குத் தெரியவில்லை. ஒட்டியிருந்த சீட்டுகள் நீலச் சாயத்தில் ஊறிக் கழன்று, அடியில் கூழாகக் கிடந்தன.

இரண்டிலும் பிடுங்கிய பற்கள். ஒன்றில் குழியை அடுக்கடுக்காகப் பூசி அடைத்தவை. மற்றதில் ஒரே உருண்டையாக வைத்து அழுத்தியவை. பல்லை அறுத்தால், அடைப்பின் ஓரமாகச் சாயம் எவ்வளவு தூரம் கசிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். சூஸ் நகரத்துப் பல் மருத்துவக் கல்லூரியில் அவன் பட்டம் வாங்குவது இந்தச் சோதனையை நம்பித்தான் இருந்தது.

அறுத்துப் பார்த்தான். ஒரு போத்தல் பற்கள் பளிச்சென்று இருந்தன. மற்றதில் உள்வரை நீலம்.

பேராசிரியர் ஷாதிலி, அடுக்கு முறைதான் கசியாது என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர். அப்படியென்றால் நீலமெல்லாம் உருண்டைதான் என்று முடிவு கட்டி வஜ்தி எழுதிக் கொடுத்துவிட்டான்.

பேராசிரியர் பூரித்துப்போனார். வெளியூர் டாக்டர்களைக் கூட்டி அவனைப் பேச வைத்தார். அங்கே ஒரு பெண் டாக்டர், பற்கள் கலந்துபோகாமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று கேட்டுத் தொலைத்தார்.

"நான் அடைச்ச பல்லுங்க. பார்த்தாலே எனக்குத் தெரியும்," என்றான், வேறு வழியில்லாமல்.

ஷாதிலி எழுந்தேவிட்டார். "இந்த மாதிரிக் கைக்குத்தான் காத்திருந்தேன். நேத்து பாதாம் கடிச்சு என் கடைவாய்ப் பல்லு உடைஞ்சுபோச்சு. மத்தியானம் நீயே அடைச்சு விடு, தம்பி."

எல்லோரும் கை தட்டினார்கள். வஜ்தி கணக்குப் போட்டுப் பார்த்தான். ஒருவேளை கசிவது அடுக்கு முறையாக இருந்தால், பேராசிரியர் வாயிலேயே சாயம் வெளுத்துவிடும். உருண்டையாக வைத்தாலோ, பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

மத்தியானம் ஷாதிலி நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். உள்ளே பஞ்சும் எச்சில் உறிஞ்சும் குழாயும் போனதால் பேச்சு அடைபட்டது. வஜ்தி மெல்லிசாக முதல் அடுக்கை எடுத்து வாயருகே கொண்டுபோனான். பேராசிரியர் அவன் கையைத் தள்ளிவிட்டார். மறுபடியும் கொண்டுபோனான். மறுபடியும் தள்ளினார்.

விஷயம் தெரிந்துவிட்டது என்று வஜ்திக்கு வேர்த்துக் கொட்டியது. சீட்டு கழன்றது, குத்துமதிப்பாக எழுதிக் கொடுத்தது, கூட்டத்தில் புளுகியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். ஷாதிலியின் கண்கள் பிதுங்கின.

குழாயைப் பிடித்திருந்த நர்ஸ் மப்ரூகா, பேராசிரியரின் பல் வைத்தியத்துக்கெல்லாம் பக்கத்தில் நின்றவள். குரலைத் தாழ்த்தினாள்.

"சார் அதுக்காகத் தள்ளல, டாக்டர். அவருக்கு எப்பவுமே ஒரே உருண்டையா வச்சிடணும். அடுக்கடுக்கா வச்சா கசியுதாம்."