பூட்டக்கூடிய ஓர் அறை

மனித குலத்தின் மேன்மைக்காக அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு நெறிமுறைக் குழு இருந்தது. ஆராய்ச்சி என்ற பெயரில் யாரும் யார் மனதையும் புண்படுத்திவிடக் கூடாதே என்பது அதன் ஓயாத கவலை. கவலைப்பட்டுக் கவலைப்பட்டே அதன் உறுப்பினர்கள் நன்றாகச் சதை போட்டிருந்தார்கள்.

சமூகவியல் முனைவர் ஒருத்தி அந்தக் குழுவிடம் அனுமதி கேட்டுப் போனாள். பாலியல் தொழிலாளர்கள் வாழும் தெருவில் சின்னதாக ஒரு மருத்துவ அறை இருந்தது. மருந்து, ஆணுறை, ரத்தப் பரிசோதனை எல்லாம் அங்கேதான். பெண்கள் சரியாக வருவதில்லை என்று சொல்லி சுகாதாரத் துறை அதை மூடப் பார்த்தது. தெருப் பெண்களின் சங்கத் தலைவியை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். அவள்தான் முனைவரைத் தேடி வந்தாள்.

"காலையில தொறந்து மத்தியானமே பூட்டிட்டா, ராத்திரியெல்லாம் முழிச்சவ எப்படி வருவா? இதை நாங்க சொன்னா யாரும் காதுல போட்டுக்க மாட்டாங்க. நீ எழுதிக் குடு தங்கச்சி. அந்த ரூமும் போச்சுன்னா எங்க பாடு திண்டாட்டந்தான்."

முனைவருக்கு மனசு உருகிவிட்டது. எப்பாடுபட்டாவது அறையைக் காப்பாற்றித் தருவதாக வாக்குக் கொடுத்தாள்.

குழு முதலில் தலைப்பில் கை வைத்தது. 'பாலியல்' என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போடக் கூச்சமாக இருப்பதாகத் தலைவர் தெரிவித்ததால், ஆராய்ச்சி 'இரவுநேரச் சேவைத் துறை மகளிர்' பற்றியதாக மாறியது. அடுத்து, அந்தரங்க விஷயங்களைத் தெருவில் வைத்துப் பேசுவது அந்த மகளிரின் கண்ணியத்துக்கு இழுக்கு, ஆகவே பூட்டக்கூடிய அறை ஒன்று அவசியம் என்று தீர்மானித்தது. அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு அப்படிப்பட்ட அறைதான் என்றாள் முனைவர். அங்கெல்லாம் ஆய்வாளர் காலடி பட்டால் பல்கலைக்கழகத்தின் மானம் என்ன ஆவது என்று குழு பதறியது. மிச்சமிருந்தது மருத்துவ அறை ஒன்றுதான்.

"அங்கதான் சார் வைத்தியம் நடக்குது."

"ஆராய்ச்சி முடியிற வரைக்கும்தானேம்மா. வியாதி எங்க ஓடிப்போயிடப் போகுது?" என்றார் தலைவர்.

கட்டில் போனது, மருந்து அலமாரி போனது, திரைச்சீலை வந்தது. பெண்கள் நம்பி வந்து மனம்விட்டுப் பேசினார்கள். மாலையில் திறந்தால் எல்லோரும் வருவார்கள் என்று முனைவர் அழகாக எழுதினாள். ஆனால் குழுவைக் கவர்ந்தது வேறொரு முடிவு. ஆராய்ச்சி நடந்த காலத்தில் ஒரு பெண்கூட வைத்தியத்துக்கு வரவில்லை. அந்த முடிவு வெளியான அன்றே சுகாதாரத் துறை அறை வாசலிலிருந்து தன் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டது.

முனைவர் அலறியடித்துக்கொண்டு தலைவரிடம் ஓடினாள். அறையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கெஞ்சினாள். அவர் பொறுமையாக விளக்கினார். திருப்பிக் கொடுத்தால் பெண்கள் வந்துவிடுவார்கள். வந்துவிட்டால், வரவில்லை என்ற கண்டுபிடிப்பு பொய்யாகிவிடும். பொய்யை வெளியிட்ட பாவத்தை நெறிமுறைக் குழுவே தேடிக்கொள்ளலாமா? ஆகவே, ஏன் வரவில்லை என்று இரண்டாம் கட்ட ஆராய்ச்சி அதே அறையில் நடக்கும். அதற்குத் தலைமை தாங்க முனைவரின் தற்காலிக வேலை நிரந்தரமாக்கப்படும்.

முனைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நியமன உத்தரவு கைக்கு வந்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது.

மறுநாள் புதுத் திரைச்சீலையோடு போனபோது வாசல்படியில் பெரியக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஓர் இளம்பெண் காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தாள். பெரியக்கா சத்தம் போடவில்லை.

"எங்ககிட்ட வர்ற ஆம்பளைங்களும்கூட, போகும்போது ரூமை விட்டுட்டுத்தான் போறாங்க மேடம்."

 அன்றிரவு முனைவர் அழுதுகொண்டே அந்த வாக்கியத்தை அறிக்கையின் முதல் பக்கத்தில் சேர்த்தாள்.

மாநாட்டில் அதைப் படித்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நெறிமுறைக் குழுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் கலைந்ததும் அறிஞர்கள் ஏழெட்டுப் பேர் முனைவரைச் சூழ்ந்துகொண்டார்கள். தாங்களும் அந்தத் தெருவில் ஆராய்ச்சி செய்தே ஆக வேண்டும், பூட்டக்கூடிய அறை இன்னொன்று கிடைக்குமா என்று விசாரித்தார்கள்.