பதினான்காம் பிரிவும் ஒரு கொண்டை ஊசியும்

வளர்ந்த நாடுகளின் அறிவை வளரும் நாட்டில் இறக்கிவைப்பதற்கென்றே ஓர் அரசு அலுவலகம் இருந்தது. அறிவு இறங்கியதோ இல்லையோ, சுழல் நாற்காலிகள் இறங்கியிருந்தன. அதன் துணை இயக்குநர் அம்மையார் அறிவுசார் சொத்துரிமைச் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ஒப்பந்தம் எழுதுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவரது பணிவான கருத்து.

குறைமாதக் குழந்தைகளுக்கான வெப்பப் பெட்டியை வெளிநாட்டு நிறுவனமொன்று அரசு மருத்துவமனைக்கு வழங்கியபோது, ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவை அவரே இயற்றினார்: 'இக்கருவியில் பெறுநர் செய்யும் எந்த மேம்பாடும், செய்த கணமே வழங்குநரின் சொத்தாகும்.'

"நம்ம ஆளுங்க எங்க மேம்படுத்தப் போறாங்க?" என்று சிரித்தார் இயக்குநர்.

"அதனாலதான் சார் தாராளமா எழுதிட்டேன்."

அந்தப் பெட்டிக்குள் தன் தங்கையின் குழந்தையே வந்து படுக்கும் என்பதை மட்டும் அம்மையார் எந்தப் பிரிவிலும் எழுதவில்லை.

பெட்டியின் கதவு மூடி நிற்க மறுத்தது. சூடெல்லாம் வெளியேறி, பார்க்க வந்தவர்களுக்கு இதமாக இருந்தது. நிறுவனத்தைக் கேட்டால், நிபுணர் அடுத்த மாதம் வருவார், அதுவரை கருவியைத் தொடவேண்டாம் என்றார்கள்.

"அக்கா, நீதானே எழுதிக் கொடுத்த? ஏதாவது பண்ணேன்! பிள்ளைக்குக் கை காலெல்லாம் ஜில்லுன்னு இருக்கு" என்று தங்கை அழுதாள்.

அம்மையார் மனத்துக்குள் ஒப்பந்தத்தைப் புரட்டினார். குழந்தையைக் கதகதப்பாக்கும் பிரிவு அகப்படவில்லை. சட்டென்று தலையிலிருந்த கொண்டை ஊசியை உருவி, வளைத்து, தாழ்ப்பாளில் செருகினார். கதவு கப்பென்று நின்றது, கொண்டை அவிழ்ந்தது. அவர் படித்த படிப்பு குறுக்கே வராத முதல் அலுவல் அது.

நிபுணர் வந்து, படமெடுத்து, பரவசப்பட்டுத் திரும்பினார். பிறகு நிறுவனத்தின் உள்ளூர்ப் பிரதிநிதி அலுவலகத்துக்கு வந்தார்.

"அருமையான மேம்பாடு மேடம். பதினான்காம் பிரிவுப்படி எங்களோடது. உரிமம் வாங்குங்க, இல்லேன்னா இன்னிக்கே ஊசியைக் கழட்டுங்க."

"அது என் தலையில இருந்த ஊசிங்க!"

"தலையில இருந்தா ஊசி. தாழ்ப்பாள்ல இருந்தா தொழில்நுட்பம்."

"உள்ள குழந்தை இருக்கே!"

"அதுக்குத்தானே மேடம் உரிமம்."

ஓட்டை தேடிப் பயனில்லை. ஓட்டையே இல்லாமல் எழுதியவர் அவர். கையெழுத்திட்டார்.

குழந்தை தேறி வீடு சேர்ந்தது. வெளிநாட்டுத் தொழில்நுட்பமொன்றை நாடு முதன்முறையாக முழுமையாகப் பெற்றுக்கொண்டதென்று அரசு அகமகிழ்ந்து, குளிரூட்டிய அரங்கில் பயிற்சி முகாம் நடத்தியது. பொருள்: ஊசியை வளைக்கும் முறை. அம்மையார் முதல் வரிசையில் குறிப்பெடுத்தார். மேடைக்கு அழைத்து வளைக்கச் சொன்ன நிபுணர், "கோணம் தவறு" என்று கனிவோடு திருத்தினார். அரங்கம் கைதட்டியது. அம்மையாரும் தட்டினார்.

முடிவில் அறிவிப்பு வந்தது: 'உரிமம் பெறாத ஊசிகளை மேசையில் ஒப்படைப்போருக்கு மட்டும் சான்றிதழ்.' அரங்கிலிருந்த கொண்டைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. வழுக்கைத் தலையரான இயக்குநர் மட்டும் தவித்துப்போய் அம்மையார் பக்கம் குனிந்தார்.

"எனக்கொரு ஊசி கொடுங்கம்மா, சான்றிதழ் போயிடும்."

அம்மையாரிடம் இரண்டு இருந்தன. ஆனால் அம்மையார் இப்போது விவரமானவர். எழுதி வாங்காமல் கொடுப்பாரா? அங்கேயே உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதினார். அதிலும் பதினான்காம் பிரிவு இருந்தது.