கசாய ஃபோர்மேன் கவிழ்த்த சொம்பு

உலகத்திலேயே அடுத்தவர் தும்மலைத் தனக்கு வந்த அழைப்பாக எடுத்துக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் கசாய ஃபோர்மேன்தான். நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் யாராவது ‘அச்’ என்றால் போதும். ‘சூ’ வருவதற்குள் வாசலில் டம்ளரோடு நிற்பார். இதனால் எல்லார் வீட்டிலும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. தும்மல் வருவதுபோல் இருந்தால் ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் தும்முவோம்.

அவருக்குச் சொந்த ஊர் குள்ளஞ்சாவடிப் பக்கம். சுரங்கத்தில் நிலக்கரி வருகிற கன்வேயர் பெல்ட்டுக்கு ஃபோர்மேன். ஷிஃப்ட் முடிந்து வந்தால், குவார்ட்டர்ஸின் பின்பக்கம் நிலவேம்பு, ஆடாதொடை, கீழாநெல்லி என்று ஒரு காடு. அதற்கும் அவரே ஃபோர்மேன். முடி வளரக் கரிசாலை எண்ணெய் காய்ச்சிப் பிளாக் முழுக்கக் கொடுப்பார். தலையில் மட்டும் எப்போதும் குல்லா. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு கசாயம் இருக்குமோ என்று பயம்.

ஒருநாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், அதை இறக்கும்போது லேசாகச் செருமிவிட்டார்.

“சளி கட்டிக்கினு இருக்குது உனக்கு.”

“இல்லீங்கய்யா, வெயிட்டு தூக்கனதுங்க.”

“எல்லாரும் மொதல்ல அப்டிதான் சொல்லுவாங்க. வாயத் தொற.”

அதற்கப்புறம் அந்த மனிதர் எங்கள் தெருவில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் சிலிண்டர் இறக்கினார்.

இப்படி இருக்கையில்தான் என் மனைவி செல்விக்கு மார்பில் கட்டி வந்தது. புற்று என்று சொல்லிவிட்டார்கள். ஆரம்பம்தான், ஆபரேஷன் செய்து மருந்து ஏற்றினால் சரியாகும், தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர். அதற்குள் வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் வைத்தியம் ஆரம்பித்துவிட்டார்கள். கத்தி பட்டால் பரவும் என்றது ஒரு வீடியோ. ஏதோ ஒரு இலையை அரைத்துக் குடித்தால் கரையும் என்றது இன்னொன்று. செல்வி அந்த இரண்டையும் பார்த்து முடிவுக்கு வந்துவிட்டாள்.

“நான் ஆஸ்பத்திரிக்கு வரல. ஃபோர்மேன் அண்ணன் கசாயமே போதும் எனக்கு.”

நான் கெஞ்சினேன், கத்தினேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். சாப்பிடாததை அவள் கவனிக்கவே இல்லை. மறுநாள் காலை ஒரு பெரிய சொம்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குக் கிளம்பினாள். பின்னாலேயே ஓடினேன். எங்கள் பிளாக் வரலாற்றில் அவரிடம் தானாகப் போய்க் கசாயம் கேட்ட முதல் ஆள் அவள்தான். இந்த மனுஷன் இன்று வாய்க்கால் வெட்டியே கசாயம் விடப்போகிறார், என் பெண்டாட்டி இனி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஃபோர்மேன் முகமெல்லாம் பல்லாகச் சொம்பை வாங்கினார்.

“இன்னாம்மா உடம்புக்கு?”

சொன்னாள். அவர் சிரிப்பு நின்றது. சொம்பை வாசற்படியில் கவிழ்த்து வைத்தார்.

“குடுக்க மாட்டேன்.”

செல்விக்குக் கோபம் பொங்கியது. “தும்முனதுக்கெல்லாம் தொரத்தித் தொரத்திக் குடுத்தீங்களே! நானா வந்து கேக்கறப்ப இல்லங்கறீங்களே, நல்லா இருக்குதாண்ணே?”

“இன்னாம்மா பண்றது? என் கசாயம் கிரீஸ் மாதிரி. ஓடற பெல்ட்டுக்குப் போடலாம், சத்தமில்லாம ஓடும். பெல்ட்டுல கிழிசல் கண்டா கிரீஸ் டப்பாவ எடுத்துக்கினா வருவோம்? பக்கத்துல கயிறு ஒண்ணு கட்டி வச்சிருக்கோம். மொதல்ல பாக்கறவன் அத இழுக்கணும், பெல்ட்டு நின்னுடும். அப்பறம் ஒட்டறதுக்குன்னே இருக்கற ஆளு வரணும். உனக்கு டாக்டரு கயித்த இழுத்துட்டாரு. நீ மறுபடி ஓட்டுன்னு எங்கிட்ட வந்து நிக்கற.”

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். மெதுவாகச் சொன்னாள்: “மருந்து ஏத்துனா முடியெல்லாம் கொட்டிப்போயிடுமாம்ணே.”

ஃபோர்மேன் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். குல்லாவைக் கழற்றினார். கழுவிக் கவிழ்த்த சட்டிபோல இருந்தது தலை.

“எனுக்கு எந்த மருந்தும்மா ஏத்துனாங்க? எல்லாம் கரிசாலை எண்ணெ தேச்சது. உனுக்காவது திரும்ப மொளைக்கும்.”

அந்த வாரம் முழுக்கச் சிரிக்காதவள், படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஷிஃப்டை மாற்றிக்கொண்டு அவரும் வந்தார். ஊசி என்றாலே முகம் வெளுக்கிற மனிதர் வராந்தாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்வியைப் பார்க்க வந்த சின்ன டாக்டர் எங்களுக்கு முன்னால் நின்று பெரிதாக ஒரு தும்மல் போட்டார். ஃபோர்மேன் கை சட்டென்று பைக்குள் போனது. கை மெதுவாக வெளியே வந்தது, வெறுங்கையாக.

“அவங்க வூட்டுல நாம பேசக் கூடாதுப்பா” என்றார் என் காதில்.

செல்விக்கு முடி கொட்டியது. அவருடைய குல்லா ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். பிறகு முடி முளைத்தது, முன்பைவிடச் சுருட்டையாக. ‘இப்பப் போட்டுக்கலாம்’ என்று அவர் எண்ணெய்ப் பாட்டிலோடு வந்தபோது மட்டும் கதவைச் சாத்திவிட்டாள்.

அவர் ரிட்டயர்டாகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஊருக்குப் போய்விட்டார். அந்தக் காட்டில் இப்போது யாரோ ஷெட் போட்டு ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள். செல்விக்கு இன்றைக்கும் தூசி ஆகாது. தும்மல் வந்தால் குழாய்ப் பக்கம் போவதில்லை. வாசலுக்குப் போய் நின்று, தெருவைப் பார்த்துச் சத்தமாகத் தும்முகிறாள்.